மூன்று பேர் ஊரும் நாட்டுச் சராசரியும்

காரைக்குடிப் பக்கம் ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டால் தெருப் பெயரைச் சொல்வார். சொந்த ஊர் எது என்று கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். அது அவர் பிறந்த ஊராக இருக்காது, வளர்ந்த ஊராகவும் இருக்காது, ரேஷன் வாங்குகிற ஊராக நிச்சயமாக இருக்காது. குலசாமி இருக்கிற ஊர்தான் சொந்த ஊர். வருஷத்துக்கு ஒரு தடவை மாசிக் களரித் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போய், ஒரு ராத்திரி கண்விழித்து, மறுநாள் பொங்கல் வைத்து, முடி இறக்கி, கிடா வெட்டிச் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் ஓடிவந்துவிடுகிற ஊர். மற்ற நாளில் அங்கே பஸ் போகிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்தச் சீமையில் எல்லாரும் அப்படித்தான். தப்பென்றால் கேட்டவர்மேல்தான் தப்பு.

மாயக்கண்ணனும் எல்லாரையும் போலத்தான். காரைக்குடியில் பிறந்து, காரைக்குடியிலேயே படிப்பை நிறுத்தி, அலுமினியத்தில் கதவு ஜன்னல் செய்கிற பட்டறை வைத்து, அமராவதிபுதூரில் பெண் எடுத்தவர். அவருடைய சொந்த ஊர் கல்லலுக்கு அங்குட்டு இருக்கிற ஒத்தப்பனையேந்தல். அந்த ஊரில் அவர் ஒரு நாள்கூடப் படுத்துத் தூங்கியதில்லை.

போன ஐப்பசியில் அவர் பட்டறைக்கு எதிரே இருந்த கல்யாண மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. நடத்தியது 'வயது வந்தோர் கல்லீரல் அழற்சி சி வகை உள்ளூர் மற்றும் தேசியப் பரவல் ஒப்பீட்டுப் பிரிவு'. அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் கடைசி இரண்டு எழுத்து பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரில்தான் இருக்கும். ஜனங்கள் அதை மஞ்சக்காமாலை ஆபீஸ் என்றார்கள். இந்த வட்டாரத்தில் பெரியவர்களில் எத்தனை பேருக்கு அந்த நோய் இருக்கிறது, நாடு முழுக்க எத்தனை பேருக்கு இருக்கிறது, யார் கூட, யார் குறைவு என்று பார்த்து மேலே அனுப்புவது அதன் தலையாய கடமை. நோய் இருப்பவர்களுக்கு மாத்திரை கொடுப்பதும் அதன் கடமைதான். ஆனால் அது பெயர்ப்பலகையில் இடம் பெறாததால் அவ்வளவு அவசரம் இல்லை.

வடையும் டீயும் கொடுத்தார்கள். மாயக்கண்ணன் வடைக்காகப் போகவில்லை. ஆனால் வடை இல்லாவிட்டால் போயிருக்கமாட்டார். கம்ப்யூட்டர் முன்னால் சத்தியப்பிரியா என்ற பெண் உட்கார்ந்து பெயர், வயசு கேட்டுவிட்டு, "சொந்த ஊருண்ணே?" என்றாள். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர் பெரியப்பா மகன் பாண்டீஸ்வரன், பங்காளிகளுக்கெல்லாம் தலைவர். மாயக்கண்ணன் நிமிர்ந்தார். "ஒத்தப்பனையேந்தல்" என்றார். "சத்தமாச் சொல்லுடா" என்று பின்னாலிருந்து ஊக்கம் வந்தது. சத்தமாகச் சொன்னார்.

முடிவு வந்தபோது பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "பயப்படாதீக. இது ஈரல்ல உக்காந்திருக்கிற கிருமி. பன்னெண்டு வாரம் தினம் மாத்திரை போட்டா அநேகமா எல்லாருக்கும் சுத்தமாப் போயிரும். போடாம விட்டீகன்னா ஈரல் கொஞ்சங் கொஞ்சமாக் கெட்டுப்போகும். கூட உக்காந்து சாப்பிட்டா ஒட்டாது, தொட்டா ஒட்டாது. ரத்தத்துலதான் ஒட்டும். உங்களுக்குச் சவரம் பண்ணுன பிளேடு இன்னொருத்தர் மேல படக்கூடாது, அதை மட்டும் மறந்துராதீக. மாத்திரை அந்த ஒப்பீட்டுப் பிரிவுல இருக்கு, போய் வாங்கிக்கங்க."

போய் வாங்கிக்கங்க என்பது எவ்வளவு சின்ன வாக்கியம்! மாயக்கண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அலுவலர் ஹரிகிருஷ்ணனுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ இருந்தது. அதற்குள் மாத்திரை டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. கதவு நல்ல அலுமினியம். வேலைதான் சுமார் என்று மாயக்கண்ணனுக்குப் பட்டது. அந்த நேரத்திலும் தொழில்புத்தி போகவில்லை.

ஹரிகிருஷ்ணன் திண்டிவனத்துக்காரர். மாற்றலாகி வந்து ஆறேழு மாதம்தான். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை.

"நீங்கதான் மாயக்கண்ணனா? உங்களால என்ன ஆச்சு தெரியுமா?"

"என்ன சார் ஆச்சு?"

"நாட்டுச் சராசரி நூத்துக்கு அரை ஆள்கூடத் தேறாது. ஒத்தப்பனையேந்தல் சராசரி என்ன தெரியுமா? நூத்துக்கு முப்பத்து மூணு! இந்தியாவிலேயே இப்படி ஒரு ஊர் கிடையாது. டெல்லியிலேருந்து போன் வந்துடுச்சு."

மாயக்கண்ணனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. சொந்த ஊர் பெயர் டெல்லியில் அடிபடுகிறதே. அப்புறம்தான் கேட்டார். "எப்படி சார் அவ்வளவு?"

"ஊர்ல பெரியவங்க மூணு பேர். சென்சஸ்ல இருக்கு. நோயாளி ஒருத்தர், நீங்க. மூணுல ஒண்ணு முப்பத்து மூணு."

"சார், நான் அந்த மூணு பேர்ல இல்லையே. நான் இங்க காரைக்குடியிலல்ல இருக்கேன்?"

"நீங்க இங்கதான் இருக்கீங்க. உங்க நோய் அங்க இருக்கு" என்றார் ஹரிகிருஷ்ணன். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாது என்று எச்சரிப்பது போலச் சொன்னார்.

"அப்ப மாத்திரை?"

"நோய் எந்த ஊர்ல இருக்கோ, மாத்திரை அந்த ஊர்லதான் தரணும். ஒத்தப்பனையேந்தல்ல துணை மையம் ஒண்ணு திறந்து, அங்க வெச்சுத் தரணும். மூணு பேருக்கு மையம் திறக்க விதியில இடம் இல்லை."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்குக் கொடுக்க ஆசைதான். சாமி எந்த ஊர்ச் சாமி என்பதில்தான் சிக்கல்.

அடுத்த வாரம் உயர்மட்ட நேரடி ஆய்வு நடந்தது. ஜீப்பில் ஹரிகிருஷ்ணனும் சத்தியப்பிரியாவும் போனார்கள். வழி காட்ட மாயக்கண்ணன் போனார். ஊரில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடுவே ஒரு தெருவே அடங்குகிற பெரிய வீடுகள் ஏழெட்டு, எல்லாம் பூட்டிக் கிடந்தன. அந்தப் பூட்டுகளைக் காவல் காக்கிற சேவுகப்பெருமாள், அவர் மனைவி பொன்னுத்தாயி, கருப்பர் கோயில் பூசாரி லட்சுமணன். ஊரின் மொத்த ஜனத்தொகையும் வேப்பமரத்தடியில் வந்து நின்றது. மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். கையோடு கொண்டுபோயிருந்த சோதனைப் பட்டையில் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் நோய் இல்லை.

ஹரிகிருஷ்ணன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சதவீதம் முப்பத்து மூணு. ஆனா யாருக்கும் இல்லை. அப்படின்னா..." என்று யோசித்து, "ஆளுக்கு மூணுல ஒரு பங்கு இருக்குன்னு வெச்சுக்கலாம்" என்றார்.

பொன்னுத்தாயி பதறிப்போனாள். "என்னய்யா சொல்றீக? எனக்கு இருக்கிற அந்த ஒரு பங்கு எங்குட்டு இருக்கு? வலப்பக்கமா இடப்பக்கமா?"

"கணக்குலதாம்மா இருக்கு. உடம்புல இல்லை."

"கணக்குல இருக்கிறதுக்கு என்னத்தையா கசாயம் வெச்சுக் குடிக்கிறது?"

கசாயம் ஒப்பீட்டுப் பிரிவின் வேலை இல்லை. மூன்று பேரும் ஊரை விட்டு எங்கும் போகக்கூடாது என்று உத்தரவு மட்டும் போட்டார்கள். ஒருவர் போனால் சதவீதம் ஐம்பது ஆகிவிடும். பேத்தி சடங்குக்குப் போக இருந்த பொன்னுத்தாயி நாட்டின் நலன் கருதி வீட்டிலேயே இருந்தாள். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

மார்கழி பிறந்தது. மாயக்கண்ணனுக்குச் சாயங்காலமானால் அசதி வந்தது. அது நோயால் வந்ததா, ஆபீசுக்கு அலைந்ததால் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் சத்தியப்பிரியா அவரைப் படிக்கட்டில் நிறுத்தினாள். அவள் நல்ல பெண். சொன்னதைச் சொன்னபடி கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவாள் என்பதைத் தவிர அவளிடம் ஒரு குறையும் கிடையாது.

"அண்ணே, ஒரே வழிதான் இருக்கு. 'என் சொந்த ஊர் காரைக்குடி'ன்னு சொல்லித் திருத்தம் குடுங்க. நோய் அன்னிக்கே இங்குட்டு வந்துரும். காரைக்குடிக்கு மாத்திரை தர விதியில இடம் இருக்கு. அன்னிக்கே வாங்கிட்டுப் போகலாம்."

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான். ஒரே வார்த்தை."

மாயக்கண்ணன் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மனைவி நாகவல்லியிடம் சொன்னார். அவள் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். ஆனால் காரைக்குடியில் சுவருக்கும் காது உண்டு. அந்தக் காது பெரும்பாலும் ஒரு பங்காளியுடையதாக இருக்கும். மறுநாள் காலையில் பாண்டீஸ்வரன் ஐந்தாறு பேரோடு பட்டறைக்கு வந்து, அலுமினியக் கம்பி அடுக்குமேல் உட்கார்ந்தார்.

"ஏண்டா, ஊரை மாத்தப்போறியாமே?"

"மாத்தலைண்ணே. மாத்திரைக்காகச் சும்மா ஒரு வார்த்தை..."

"சும்மா ஒரு வார்த்தையா! பெத்த அப்பன் யாருண்டு கேட்டா சும்மா ஒரு வார்த்தை மாத்திச் சொல்லுவியா? நாளைக்கு உன் மக ஸ்வேதாவுக்குப் பத்திரிகை அடிக்கணும். 'காரைக்குடி மாயக்கண்ணன்'னு அடிப்பியா? மொதப் பத்திரிகையை எந்தக் கருப்பர் காலடியில வெப்பே, பஸ் ஸ்டாண்டுலயா? களரியில படைப்புப் பங்கு வாங்க வராதே. கிடாக்கறியில உனக்குப் பங்கு இல்லை."

கறிப் பங்கு இல்லாவிட்டாலும் மாயக்கண்ணன் தாங்கிக்கொள்வார். ஐந்தாறு பங்காளிகள் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை. "இல்லைண்ணே, நான் மாத்தலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாகவல்லி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காம சொல்லுங்க. உங்களுக்கு ஊரு முக்கியமா, ஈரலு முக்கியமா?"

"ரெண்டுந்தான்."

"ஊருல உங்களுக்கு ஒரு குச்சு வீடுகூட இல்லை. ஈரலாச்சும் சொந்தமா ஒண்ணு இருக்கு. இருக்கிறதைக் குடுத்துட்டு இல்லாததைக் காப்பாத்துறீக!" என்று சொல்லி, ஏற்றிய விளக்கை ஊதாமல் பூவால் குளிர வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மாயக்கண்ணனுக்கும் இறங்கவில்லை. தான் செய்வது மடத்தனம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்து செய்கிற மடத்தனத்துக்கு நம் பக்கத்தில் மானம் என்று பெயர்.

இதற்கிடையே மேலிடத்திலிருந்து ஹரிகிருஷ்ணனுக்குக் கடைசி எச்சரிக்கை வந்தது. பங்குனிக்குள் ஒத்தப்பனையேந்தலின் சதவீதம் நாட்டுச் சராசரிக்குக் கீழே வரவேண்டும்; வராவிட்டால் அவர் வடக்கே எங்காவது போகவேண்டும். நோயாளிக்கு மாத்திரை கொடுத்தால் சதவீதம் தானாகவே இறங்கிவிடும் என்பது அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அது விதிக்கு விரோதம். விதிப்படி யோசித்தபோது பூசாரி லட்சுமணன் ஆய்வின்போது சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது.

"மாசிக் களரிக்கு வந்து பாருங்கய்யா. நாலாயிரம் பேரு நிப்பாக. அம்புட்டுப் பேருக்கும் இதுதான் சொந்த ஊரு."

ஹரிகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மூன்றில் ஒன்று கூடுதல். நாலாயிரத்தில் ஒன்று? சத்தியப்பிரியா தட்டிப் பார்த்துச் சொன்னாள். "நூத்துக்கு 0.025 சார். நாட்டுச் சராசரிக்கு எங்கேயோ கீழே!"

"அத்தனை பேரையும் சோதிக்கணுமே, பட்டை இருக்கா?"

"இல்லை சார்."

"சரி விடு. நிரூபிக்கப்படாதவரை எல்லாரும் நிரபராதி. சோதிக்காதவங்க எல்லாரும் ஆரோக்கியமானவங்கன்னு போடு."

அந்த உற்சாகத்தில் தன் பெயரையும், அலுவலகத்து ஆட்கள் பதினோரு பேர் பெயரையும் ஒத்தப்பனையேந்தலைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் என்று பதிந்துகொண்டார். பின்னத்தில் கீழே போடுகிற எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. சதவீதம் இறங்கினால் அலுவலகமே அந்தக் கருப்பருக்கு முடி இறக்குவதாக வேண்டுதலும் வைத்தார். மாயக்கண்ணனைக் கூப்பிட்டு, "களரி முடிஞ்சு சராசரி இறங்கட்டும், உங்க பைல் குளோஸ்" என்று தோளில் தட்டினார். பைல் மூடினால் பீரோ திறக்கும் என்று மாயக்கண்ணன் எடுத்துக்கொண்டார்.

களரியும் வந்தது. விடிந்து பனி விலகும்போது வேன், கார், மினி பஸ் என்று வயல் பூராவும் வண்டிகள். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ பிழைக்கிற ஜனம். பூட்டிய வீடுகளின் பூட்டைத் திறந்து, வௌவாலை விரட்டி, பொங்கல் பானை இறக்கினார்கள். கோயில் வளைவில் மேஜை போட்டு சத்தியப்பிரியா உட்கார்ந்திருந்தாள். "சொந்த ஊருங்க?" என்றாள். அத்தனை பேரும் நிமிர்ந்து, "ஒத்தப்பனையேந்தல்" என்றார்கள். இந்தியாவில் எந்தப் புள்ளிவிவரமும் இவ்வளவு சந்தோஷமாகச் சேகரிக்கப்பட்டிருக்காது.

ஒரு சின்ன ஏற்பாடுதான் மாயக்கண்ணன் கண்ணை உறுத்தியது. முடி இறக்குகிற கொட்டகையில், கல்லலிலிருந்து வந்திருந்த தொழிலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கொண்டுவந்த பிளேடுப் பெட்டிகள் எல்லாம் அரசாங்க மேஜைக்கு அடியில் இருந்தன.

"என்னண்ணே, ஏன் ஆரம்பிக்கலை?" என்றார் மாயக்கண்ணன்.

"ஆளுக்கொரு பிளேடுண்டு பொட்டி பொட்டியாக் கொண்டாந்தோம்யா. சோதிக்காத பிளேடாம், பறிமுதல் பண்ணிட்டாக. இது நோய் கூடுதலா உள்ள ஊராம், அதனால கவர்மெண்டு பிளேடுதான் போடணுமாம்."

"அது எங்க?"

தொழிலாளி உள்ளங்கையை விரித்தார். மூன்று பிளேடு இருந்தது.

மாயக்கண்ணன் மேஜைக்கு ஓடினார். "சார்! நாலாயிரம் பேர் வந்திருக்காக. முடி இறக்குறவக மட்டும் ஐந்நூறு பேர் இருப்பாக. மூணு பிளேடு குடுத்திருக்கீக!"

"தொற்றுத் தடுப்புச் சாதனம் ஊர் ஜனத்தொகைப்படி. ஊர் ஜனத்தொகை மூணு" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"இப்பத்தானே சார் நாலாயிரம்னு எழுதுனீக?"

"அது சராசரிக்கு. இது செலவுக்கு. ரெண்டுக்கும் வேற வேற தலைப்பு, மிஸ்டர் மாயக்கண்ணன்."

அந்த நேரத்தில் சத்தியப்பிரியா எழுந்து, "சார், நாலாயிரத்து இருநூத்துச் சொச்சம்! சராசரிக்குக் கீழ வந்துட்டோம்!" என்று கூவினாள். மேளம் முழங்கியது. குலவை போட்டார்கள். ஹரிகிருஷ்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த ஊரின் பெயரை டெல்லி வரை கொண்டு சென்ற, நமது ஒரே நோயாளி திரு. மாயக்கண்ணன் அவர்களுக்கு இன்றைய முதல் மொட்டை மரியாதை அளிக்கப்படுகிறது!"

ஒரு சால்வை விழுந்தது. யாரோ அவரைப் பிடித்துப் பலகையில் உட்காரவைத்தார்கள். ஒரு செம்புத் தண்ணீர் தலையில் கொட்டியது. பாண்டீஸ்வரன் பக்கத்தில் நின்று, "பாத்தியாடா, ஊரை மாத்தாம இருந்ததுக்குக் கருப்பர் குடுத்த மரியாதை!" என்று கண் கலங்கினார்.

மாயக்கண்ணன் ஈரத் தலையோடு நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் வரிசை கண்மாய்க் கரை வரை போயிருந்தது. பாண்டீஸ்வரன் பேரன், பொட்டு வைத்த கைக்குழந்தைகள், கல்லூரிப் பெண்கள், வயசாளிகள். அத்தனை தலைக்கும் அவர் தலையில் பட்ட பிளேடு. நர்சம்மா சொன்னது காதில் மணி அடித்த மாதிரி கேட்டது. பிளேடு நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"எனக்கு வேண்டாம்! நான் முடி இறக்கலை!"

"அதெப்படி? மொத மரியாதை சொந்த ஊர்க்காரனுக்கு. வேண்டாம்னு சொன்னா சாமி குத்தம்" என்றார் பாண்டீஸ்வரன், தோளை அமுக்கிக்கொண்டு.

சொந்த ஊர்க்காரனுக்கு! மாயக்கண்ணன் ஒரு மூச்சு இழுத்தார். இரண்டு மாதமாகத் தன் ஈரலுக்காகச் சொல்ல முடியாத வார்த்தை, அத்தனை பங்காளிகள் முன்னாலும், கருப்பர் முன்னாலும், ஒலிபெருக்கி முன்னாலும் வெளியே வந்து விழுந்தது.

"இது என் ஊரு இல்லை! என் சொந்த ஊரு காரைக்குடி!"

மேளம் நின்றது. பொங்கல் பானைகள் மட்டும் பொங்கிக்கொண்டிருந்தன. பாண்டீஸ்வரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நான்கைந்து பங்காளிகள் மாயக்கண்ணனைப் பலகையிலிருந்து தூக்கி எறிந்தார்கள், சால்வையைப் பிடுங்கினார்கள். ஆனால் மேஜைப் பக்கம் ஒரே சந்தோஷம். சத்தியப்பிரியா அங்கேயே திருத்தத்தைத் தட்டிவிட்டாள்.

"சார், நோயாளி காரைக்குடிக்குப் போயிட்டாரு. இங்க மேலே பூஜ்யம். நாலாயிரத்துல பூஜ்யம்!"

"அறவே ஒழிச்சுட்டோம்!" என்றார் ஹரிகிருஷ்ணன். அவருக்கும் கண் கலங்கியது.

மாயக்கண்ணன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, "சார், என்னை விடுங்க. அவுக பொட்டியைத் திருப்பிக் குடுத்துருங்க. ஆளுக்கொரு பிளேடு போடட்டும்" என்று கெஞ்சினார். "இங்க வேற யாருக்கும் இல்லைன்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தரையும் சோதிக்கலையே!"

சத்தியப்பிரியா வாய் தவறிச் சொன்னாள். "ஆமா சார். நாட்டுச் சராசரிப்படியே பாத்தாலும் இந்தக் கூட்டத்துல ஒரு பன்னெண்டு பேருக்காச்சும் இருக்கணும்."

ஹரிகிருஷ்ணன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அது நாட்டுச் சராசரிம்மா. நாமதான் அதுக்குக் கீழே வந்துட்டோமே."

அவள் தலையாட்டி உட்கார்ந்துவிட்டாள். மாயக்கண்ணன் வரிசைப் பக்கம் திரும்பி, "எய்யா, ஒரே பிளேடுல முடி இறக்காதீக, கேளுங்கய்யா!" என்று கத்தினார். வரிசையிலிருந்து ஒரே குரலாகப் பதில் வந்தது.

"வெளியூர்க்காரனுக்கு இங்க என்ன பேச்சு?"

நாகவல்லி வந்து அவர் கையைப் பிடித்தாள். "வாங்க போவோம். நம்ம ஊருக்குப் போவோம்" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தபோது பாண்டீஸ்வரன் பலகையில் உட்கார்ந்திருந்தார். வேண்டுதலை நிறைவேற்ற ஒப்பீட்டுப் பிரிவின் ஆட்கள் வரிசைக்குக் கடைசியில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அரசாங்கம் எப்போதும் கடைசியில்தான் வரும்.

திங்கட்கிழமை மாயக்கண்ணனுக்கு மாத்திரை கிடைத்தது. ஹரிகிருஷ்ணன் வழவழத்த தலையோடு, உச்சியில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரியோடு, தம் கையாலேயே பீரோவைத் திறந்து கொடுத்தார். சுவரில் புதுக் கேடயம் ஒன்று மாட்டியிருந்தது. அன்றிலிருந்து தெருவில் போகிறபோது மாயக்கண்ணன் தலையில் மட்டும் முடி இருந்தது. மொட்டைத் தலைகளெல்லாம் அவரைப் பார்த்து, "அந்தா போறான் பாரு, சீக்காளி" என்று விலகி நடந்தன. வைகாசி முடிவதற்குள் மாத்திரையை முடித்தார். ஆடியில் ஆஸ்பத்திரியில் சோதித்து, சுத்தமாகப் போய்விட்டது என்றார்கள். நாகவல்லி விளக்கேற்றினாள். இந்தத் தடவை அதை அணைக்கவில்லை.

ஆவணியில் அதே மண்டபத்தில் மறுபடி முகாம். வடையும் உண்டு. முடிவு வந்த அன்று மாயக்கண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பீரோக் கதவு மக்கர் பண்ணுகிறதாம். சாமானை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே நெரிசலாக இருந்தது. அரைகுறையாக முடி வளர்ந்த தலைகள் பெஞ்சு பூராவும் உட்கார்ந்திருந்தன. பாண்டீஸ்வரன் இருந்தார். ஹரிகிருஷ்ணன் தம் நாற்காலியை விட்டு, மனுக்காரர்கள் பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

"பதினாலு பேர் சார்" என்றாள் சத்தியப்பிரியா. "எல்லாருக்கும் ஒத்தப்பனையேந்தல். களரி முடிஞ்சதால ஊர் ஜனத்தொகை மறுபடி மூணு. சதவீதம்..." அவள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். "நானூத்து அறுபத்தாறு வருது சார்."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான் சார்."

மாத்திரை டப்பாக்கள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. மாயக்கண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை, பரிதாபமாகத்தான் இருந்தது. பாண்டீஸ்வரனுக்குப் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னார். "அண்ணே, ஒரே வார்த்தைதான். காரைக்குடின்னு சொல்லுங்க. இன்னிக்கே மாத்திரை வாங்கிட்டுப் போயிரலாம்."

பாண்டீஸ்வரன் இடமும் வலமும் பார்த்தார். பெஞ்சு பூராவும் பங்காளிகள். ஒவ்வொருவரும் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உன்னை மாதிரி ஊரை வித்துத் திங்கச் சொல்றியா?"

மாயக்கண்ணன் அலுவலரைப் பார்த்தார். "சார், நீங்களாச்சும். உங்க சொந்த ஊரு திண்டிவனம்தானே?"

"எப்படிங்க மாத்துறது?" என்றார் ஹரிகிருஷ்ணன் ஈனசுரத்தில். "கேடயம் இந்த ஊர் பேர்ல இல்ல வாங்கியிருக்கேன்?"

சாயங்காலம் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பதற வேண்டியதில்லை, போன வருஷத்து அனுபவத்தின்படி மாசியில் சதவீதம் தானாகவே இறங்கிவிடும், அதுவரை சம்பந்தப்பட்டவர்கள் பொறுமை காத்து, முடியை நன்றாக வளர்த்துவரவும். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. மாயக்கண்ணன் பீரோக் கதவைச் சரி செய்து, ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். மாத்திரை அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. 'அடுத்த களரிக்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்று பிளேடும் பத்திரமாக இருந்தன.